கதாபாத்திரத்தை இன்னும் நெருங்கித் தெரிந்துகொள்வது எப்படி? காசிமேட்டு நாவல் ஒன்றுக்காகக் கேட்கிறேன்

கல்மண்டபம்:

வணக்கம் நண்பர்களே. ராயபுரம், காசிமேடு பக்கத்தை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 2024 மே மாதம். நாயகி கஸ்தூரி, நாற்பத்தெட்டு வயது. விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பவள். கணவன் இறந்துவிட்டான். ஒரே மகன் சதீஷ், ஐஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கிறான்.

பாதி நாவல் வந்துவிட்டது, சம்பவங்களுக்கும் குறைவில்லை. ஆனால் கஸ்தூரி நான் சொல்வதை எல்லாம் மறுபேச்சு இல்லாமல் செய்கிறாள். அழச் சொன்னால் அழுகிறாள், பொறுக்கச் சொன்னால் பொறுக்கிறாள். எழுத்துப் பயிற்சிகளில் ஒரு கேள்விப் பட்டியல் தருவார்களே, பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, சின்ன வயது பயம் என்று, அதையும் நிரப்பிப் பார்த்தேன். பிடித்த நிறம் மாம்பழ மஞ்சள். சரி, அதை வைத்துக்கொண்டு மகன் முன்னால் அவள் என்ன பேசுவாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போதைக்கு "உன் வாழ்க்கை, நீயே பாத்துக்கோ" என்கிறாள். எந்த ஊர் அம்மாவும் சொல்லக்கூடிய வசனம் அது. நீங்கள் எல்லாம் உங்கள் பாத்திரங்களை எப்படி நெருங்குகிறீர்கள்?

பேசின் பாலம்:

பட்டியலை ஒரேயடியாகத் தூக்கிப் போட வேண்டாம் அண்ணே. மூன்றாம் அத்தியாயத்தில் இருந்த மச்சம் பதினைந்தாம் அத்தியாயத்தில் இடம் மாறாமல் இருக்க அது உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மீன்காரி மகள்:

என் அம்மா இதே தொழில்தான் பார்த்தாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரியின் பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மீன் விற்கிறவளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் முதலில் கேட்பது, காலையில் அவள் கையில் இருக்கும் முதல் யாருடையது என்றுதான். தண்டல் எடுத்திருக்கிறாளா? பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் ஒன்பதாயிரமோ எட்டாயிரத்து ஐந்நூறோதான் வரும். அப்புறம் தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் கட்ட வேண்டும், வீட்டில் சாவு விழுந்தாலும் கட்ட வேண்டும். கட்ட முடியாத நாளில் தண்டல்காரர் வந்து நிற்கும்போது அவள் என்ன செய்கிறாள்? நேராக நின்று "நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கோ" என்பாளா, பக்கத்து வீட்டுக்காரியை விட்டு "வெளியே போயிருக்கிறாள்" என்று சொல்ல வைப்பாளா? இந்த இரண்டு கஸ்தூரியும் ஒரே பெண் இல்லை. எவள் உங்களுடையவள்?

இன்னொன்று. ஏலத்தில் கூடையைத் தனியாக எடுக்க முதல் போதாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தரையில் கொட்டி, பெரிசும் சிறிசுமாகக் கலந்து, கூறு கூறாகப் பிரிப்பார்கள். என் அம்மா பிரித்தால் மற்றவர்களை முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு மிஞ்சியதை எடுத்துக்கொள்வாள். அதற்காகவே மூன்று கூறும் சமமாக வரும்வரை விடமாட்டாள், ஒரு சங்கராவை இந்தக் கூறிலிருந்து அந்தக் கூறுக்கு மாற்றி மாற்றி வைப்பாள். கூட எடுக்கும் இன்னொரு அக்கா வேகமாகப் பிரித்துவிட்டுத் தன் கூறின் மேல் உடனே கையை வைத்துவிடுவாள். இருவருக்கும் பிடித்த நிறம் ஒன்றாகவே இருக்கலாம், என்ன பயன்? கஸ்தூரி எப்படிப் பிரிக்கிறாள், யாரோடு சேர்ந்து எடுக்கிறாள், அந்த ஆளோடு எப்போது சண்டை வந்தது என்று எழுதிப் பாருங்கள்.

மே மாதம் என்கிறீர்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, பைபர் படகுகள் மட்டும்தான். மீன் கம்மி, விலை ஏறிக் கிடக்கும், முதல் அதிகம் வேண்டும். கடன் தலைக்கு மேல் நிற்கிற மாதம் அது. அவள் எரிச்சலில் இருக்க நீங்கள் தனியாகக் காரணம் தேடவே வேண்டாம்.

கல்மண்டபம்:

அக்கா, ரொம்ப நன்றி. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். தண்டல் இருக்கிறது. அது போக, சதீஷ் வேலைக்குச் சேரும்போது கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் இருக்கிறது, அந்தப் பணத்தைக் கஸ்தூரிதான் பழைய தண்டலை அடைக்க வாங்கிக்கொண்டாள். எழுதும்போதுதான் இது வந்தது. அப்படியானால் மகன் வேலையை விட்டது அவளுக்கு முதலில் கடனாகத்தான் வந்து நிற்கும். "உன் வாழ்க்கை" என்று அவளால் சொல்லவே முடியாது. அது பாதி அவள் வாழ்க்கை.

மில் காலனி:

நாங்கள் பெரம்பூர் பக்கம் வீதி நாடகம் போடும் ஆட்கள். ஒத்திகையில் ஒரு பாத்திரம் பிடிபடவில்லை என்றால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத்தான் எடுத்து வைத்துக்கொள்வோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகள். இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. பலர் கவனிக்காமல் விடுவது, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று அதில் நான்கு நான்காகச் சொல்லியிருப்பதைத்தான். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் நம்மை எளிதாக நினைப்பது, பறிகொடுப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை.

நடிக்கிற தோழரிடம் நான் கேட்பது இதுதான்: இந்த நான்கில் உன் ஆள் எதற்கு அழுவாள், எதற்கு அழவே மாட்டாள்? கணவன் சாவுக்கு அழாத ஒருத்தி, வாடிக்கைக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு விலை கேட்டதற்கு வீட்டுக்கு வந்து அழலாம். அதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆள் தெரிந்த மாதிரி. அச்சத்துக்குச் சொன்ன நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், இறை என்றால் அன்றைக்கு அரசன். கஸ்தூரிக்கு யார்? தெருக்கடையைத் தூக்கிப் போகும் மாநகராட்சி வண்டியா, போலீஸா, தண்டல்காரரா? அணங்குக்குப் பயப்படுவாளா? ஒற்றியூர் வடிவுடையம்மனிடம் அவள் என்ன வேண்டிக்கொண்டு இன்னும் செலுத்தாமல் வைத்திருக்கிறாள்? வெகுளிக்கும் பெருமிதத்துக்கும் இதே மாதிரி கேட்கலாம். கேட்கக் கேட்க ஆள் திறந்துகொண்டே போவாள்.

பெயரே மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிய வேண்டும். அருவாமனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வஞ்சிரம் வெட்டுகிற கை, கோபம் வந்தால் வேகம் கூடுமா, நின்றுபோகுமா? செதில் ஒட்டிய கையோடு மகன் தோளைத் தொடுவாளா, முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடுவாளா? மனசுக்குள் என்ன நினைத்தாள் என்று மூன்று பத்தி எழுதுவதைவிட இந்த ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்வது மேல் என்று நான் நம்புகிறேன்.

மூலக்கொத்தளம்:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் முன்னாலேயே தெரிந்துகொண்டு எழுத உட்கார்ந்தால் எழுதுகிற சந்தோஷம் போய்விடும். எனக்கு ஒரு பாத்திரம் தெரிவது எழுதும்போதுதான். முதல் பிரதியில் அவள் பொம்மையாக இருந்தால் இருக்கட்டும், முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலர் நாவலையே முடிப்பதில்லை. கூட வாழ்கிற மனிதர்களையே நமக்கு முழுசாகத் தெரிவதில்லை. கஸ்தூரியிடமும் நமக்குத் தெரியாத ஒரு மூலை இருக்கட்டுமே.

மில் காலனி:

தோழர், இருட்டு மூலை இருக்கட்டும், சம்மதம். ஆனால் நாம் விளக்கு எடுத்துப் போய்ப் பார்த்த பிறகும் இருட்டாக இருக்கிற மூலையும், போய்ப் பார்க்கவே சோம்பல்பட்ட மூலையும் வாசிப்பவருக்கு வித்தியாசமாகத் தெரியும். எழுதிக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்பதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிலும் எழுதித்தான் வரப்போகிறது. அந்தத் தாள் நாவலுக்குள் போகாது, அவ்வளவுதான்.

ஒற்றியூரான்:

தம்பி கல்மண்டபம், நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மெய்ப்பாடு பற்றி எழுதிய தோழருக்கு மகிழ்ச்சி. அதோடு கூற்று, அதாவது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகத்திணைப் பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பதே விதி. ஊர், வயது, பிடித்தது, பிடிக்காதது ஒன்றும் தெரியாது. இருந்தும் ஒரு பாட்டின் தலைவி இன்னொரு பாட்டின் தலைவி மாதிரி இருக்க மாட்டாள். காரணம், யார் யாரிடம் சொல்கிறார்கள், யார் கேட்கும்படி சொல்கிறார்கள் என்பது அங்கே அவ்வளவு துல்லியம். தோழியிடம் சொல்வதைத் தலைவி செவிலியிடம் சொல்ல மாட்டாள். மகள் காதலனோடு போய்விட்டால் பெற்ற தாய் வீட்டில் இருந்து புலம்புவாள், வளர்த்த தாய் வழியெல்லாம் தேடிக்கொண்டு போவாள். துயரம் ஒன்று, ஆள் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். தோழி அவனைப் பார்த்து ஒரு சொல் பேச மாட்டாள். தலைவியிடம் பேசுவது போல, அவன் காதில் விழட்டும் என்று சொல்வாள். இதைத்தான் நம் தெருவில் ஜாடை பேசுவது என்கிறோம். வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்திலும் ஹவுசிங் போர்டு வராண்டாவிலும் பாதிப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. எதிரே நிற்பவருக்கு ஒன்று, உள்ளே படுத்திருப்பவருக்கு ஒன்று. கஸ்தூரி ஏன் சதீஷிடம் நேராகப் பேச வேண்டும்?

இன்னொரு விதியும் உண்டு. தந்தையும் தமையனும் அகப்பாட்டில் நேராகப் பேசுவதில்லை. ஊராரும் அப்படித்தான். அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் எடுத்துச் சொல்வார்கள். இறந்துபோன கணவனை இந்த வழியில் கொண்டுவந்து பாருங்கள். அவன் சொன்னதாகக் கஸ்தூரி ஒன்று சொல்வாள், அவன் தங்கை வேறொன்று சொல்வாள். எது உண்மை என்பதைவிட, எதை ஞாபகம் வைத்துக்கொள்ள கஸ்தூரி விரும்புகிறாள் என்பது முக்கியம்.

கல்மண்டபம்:

ஐயா, ஜாடை பேசுவதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். இதற்குத்தான் காத்திருந்தேன் போல.

மீன்காரி மகள்:

ஐயா சொன்னதோடு பேச்சு நடையையும் சேருங்கள். வடசென்னை என்றால் எல்லோரும் எந்நேரமும் "இன்னா நைனா" என்று பேசுவதாக எழுதுகிறார்கள். அது எங்கள் பேச்சுதான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அம்மா ஏலத்தில் பேசுவது ஒரு மாதிரி, அரசு மருத்துவமனை ஓபியில் டாக்டரிடம் பேசுவது வேறு மாதிரி, என் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் பேசும்போது குரலே மாறிவிடும். பக்கத்து வீட்டு உருது பேசுகிற பாட்டியிடம் பாதி கை ஜாடை. தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் எங்கள் தெருவில் இருந்தன. கஸ்தூரி யார் முன்னால் நடையை மாற்றுகிறாள், யார் முன்னால் மாற்றவே மாட்டேன் என்று நிற்கிறாள் என்று பாருங்கள். அந்த இரண்டாவது ஆள் யார் என்பது பெரிய விஷயம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எங்கள் பகுதி ஆட்கள் கதையில் வந்தால் ஒன்று கத்தி எடுப்பார்கள், இல்லாவிட்டால் தியாகம் செய்து சாவார்கள். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேரம் போர்டில் உலக அளவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், சிலிண்டர் வாங்கப் பணம் எண்ணிக்கொண்டே குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கஸ்தூரியை நல்லவளாக்க வேண்டாம். எடையில் ஒருநாள் ஏமாற்றட்டும். யாரை ஏமாற்ற மாட்டாள் என்பதும் இருக்கட்டும்.

பேசின் பாலம்:

2024ல் நாற்பத்தெட்டு என்றால் 1976ல் பிறந்தவள். பி அண்ட் சி மில் மூடிய 1996ல் அவளுக்கு இருபது. அப்பா மில் தொழிலாளியா? அப்படியென்றால் கல்யாணம் எந்த நிலைமையில் நடந்தது? சுனாமி 2004 டிசம்பரில், அப்போது இருபத்தெட்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரி. அதற்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் கடை எங்கே போட்டாள்? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. எந்தத் துறை மீன் என்று வாங்குகிறவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய நேரம். உங்கள் கதைக்கு அஞ்சு மாதம் முன்னால் நடந்தது அது. தண்டல் அப்போதே ஏறியிருக்கலாம்.

மில் காலனி:

இது நல்ல வேலைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. வடசென்னை வரலாறு முழுவதும் ஒருத்தி தலையில் ஏறி உட்காரக் கூடாது. சுனாமி அன்று அவள் துறைமுகத்திலேயே இல்லாமல், மாமியார் வீட்டில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். எது அவளைத் தொட்டதோ அதை மட்டும் எடுங்கள்.

எருக்கஞ்சேரி:

நான் புதிது. என் சித்தியை வைத்து ஒரு கதை எழுதுகிறேன். அவரைப் பற்றி எல்லாம் தெரியும், ஆனால் தெரிந்ததாலேயே எழுத வரவில்லை. சித்தி இப்படிச் செய்ய மாட்டாங்களே என்று நின்றுவிடுகிறேன்.

மீன்காரி மகள்:

முதலில் பெயரையும் தொழிலையும் மாற்றுங்கள் தங்கச்சி. நானும் அம்மாவை அப்படியே எழுதுவதில்லை. கூறு பிரிக்கும் கையை மட்டும் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த இன்னொருத்தி என் அம்மா செய்யாததை எல்லாம் செய்தாள். வீட்டு ரகசியம் கதைக்கு வேண்டும் என்றால் சித்தியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கல்மண்டபம்:

எழுதிவிட்டேன். வராண்டாக் காட்சியை மட்டும் போடுகிறேன். தனம், கஸ்தூரியோடு சேர்ந்து மீன் எடுப்பவள்.

கஸ்தூரி கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே சதீஷ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது.

"இன்னா தனம், உன் புள்ள இன்னிக்கி வேலைக்குப் போனானா?"

"போனான்க்கா. ஏன்?"

"சும்மா கேட்டேன். அட்வான்ஸ் வாங்கின எடத்துல சொல்லாம நின்னுட்டா வூட்டாண்டயே வந்துருவாங்களாமே."

"யாருக்கா?"

"யாரோ. தண்டலுக்கு வர்ற ஆளும் ஏழு மணிக்கு வருது. இவங்களும் ஏழு மணிக்கு வந்தா யார எங்க குந்த வெக்கிறது? இருக்கறது ஒரு சேரு."

உள்ளே ஃபேன் நின்றது. கரண்ட் போகவில்லை. வராண்டா டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒற்றியூரான்:

அவன் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கிறான்! மிக நன்று தம்பி.

மூலக்கொத்தளம்:

ஒரு சேர் என்பது போதும் எனக்கு. முதலில் போட்ட வசனத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்.

துறைமுகம் கேட்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காசிமேட்டிலேயே வேலை பார்க்கிறவன். ஒரு விஷயம் உதைக்கிறது. மே மாதம் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜின் வேலை பார்ப்பார்கள். படகு போகாதபோது ஐஸுக்கு ஏது கிராக்கி? அந்த நேரத்தில் சதீஷ் வேலையை விட்டானா, வேலை இல்லை என்று நிறுத்தினார்களா? விட்டுட்டேன் என்று வீட்டில் சொல்வது அவன் மானத்துக்காக இருக்கலாம். தினம் துறைமுகத்துக்கு வரும் கஸ்தூரிக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

கல்மண்டபம்:

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் அவளுக்குத் தெரியும். தெரிந்தே அவன் சொன்ன பொய்யை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அட்வான்ஸைப் பற்றி ஜாடை பேசுவாளா அவள்?

மீன்காரி மகள்:

என் அம்மாவாக இருந்தால் பேச மாட்டாள். அதே வராண்டாவில், அதே சத்தத்தில், "ஜூன் பதினைஞ்சுக்கு மேல படகு போச்சுன்னா எல்லா புள்ளைங்களுக்கும் வேல வந்துரும்டி தனம்" என்பாள். அவன் மானம் போகாது, அவள் சொல்ல வேண்டியதும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் உங்கள் கஸ்தூரி என் அம்மா இல்லை. கடன் அவளை எவ்வளவு நெருக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் நாள் பொறுத்துக்கொண்டு, தண்டல்காரர் வந்து போன நாளில் அட்வான்ஸை எடுக்கலாம்.

கல்மண்டபம்:

இரண்டு காட்சி. முதலில் ஜூன் பதினைஞ்சு, அப்புறம் ஒரு சேர். இரண்டாவதைக் கேட்கும்போதுதான் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று சதீஷுக்குப் புரிய வேண்டும். இனி அவனையும் இதே மாதிரி பார்க்க வேண்டும், இதுவரை அவனைப் படுக்கவே வைத்திருக்கிறேன்.

துறைமுகம் கேட்:

அதற்கு முன்னால் அவனுக்கு அங்கே என்ன வேலை என்று முடிவு பண்ணுங்க. ஐஸை உடைத்துப் படகில் ஏற்றுகிற ஆள் என்றால் தடைக்காலத்தில் முதலில் நிற்கப்போவது அவன்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கம்பெனிக்குள்ளே மெஷின் பக்கம் இருந்தவன் என்றால் நிறுத்தியதற்கு வேறு காரணம் இருக்கணும். அதையும் நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

கல்மண்டபம்:

ஏற்றுகிற ஆள்தான் அண்ணே. தோளில் கோணி போட்டுக்கொண்டு ஏற்றுவான் என்று வைத்துக்கொள்ளலாமா, இப்போது அப்படி யாரும் செய்வதில்லையா?

துறைமுகம் கேட்:

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாங்க. கூட்டமாக இருக்கும், ஆனா வேலை செய்கிறவர்களை நீங்களே பார்த்துக் கேட்டுக்கலாம்.